ஆறு புரிப் பின்னல்

என் வீட்டுக்காரரை எனக்கு முதுகுப் பக்கமாகத்தான் நன்றாகத் தெரியும். காசிக்குப் போனபோது கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எங்கே கிளம்பினாலும் அவர் பத்தடி முன்னால், நான் பின்னால். திருவேற்காட்டுக்குப் போனாலும் அப்படித்தான், பட்டாபிராமில் என் தங்கை வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். திரும்பிப் பார்க்கவும் மாட்டார். பெண்டாட்டி வருகிறாளா, வழியில் எங்காவது விழுந்து கிடக்கிறாளா என்று ஒரு சந்தேகம்கூட அந்த முதுகுக்கு வராது.

ஒரு தடவை பூந்தமல்லியில் துணி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறோம். இவர் வேலை செய்யும் ஃபேக்டரியில் எல்லாருக்கும் ஒரே காக்கித் துணிதான் தருவார்கள். முன்னால் போகிற காக்கிச் சட்டையின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு நானும் போகிறேன். சட்டை ஒரு டீக்கடைக்குள் நுழைந்தது, நானும் நுழைந்தேன். திரும்பினால் அது எவனோ. "இன்னாம்மா வோணும்?" என்கிறான். நம்ம ஆள் அதற்குள் பஸ் ஏறி ஆவடிக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, காபி கேட்டபோதுதான் நான் இல்லாதது தெரிந்ததாம். இதை நான் இருபது பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் சிரிப்பேன், சொல்லி முடித்ததும் வயிறு எரியும்.

அவர் பெயர் கஜபதி. ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ரிக்கர். கிரேனில் கனமான சாமான்களைத் தூக்க இரும்புக் கயிற்றில் ஸ்லிங் கட்டுவார்களே, அந்த வேலை. இரும்புக் கயிற்றின் நுனியைப் பிரித்தால் ஆறு புரி வரும். குத்தூசியால் கயிற்றை நெம்பி, ஒவ்வொரு புரியாக உள்ளே விட்டு வாங்கி, எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று தெரியாமல் பின்னிவிடுவார். அவர் கட்டின ஸ்லிங்கில் டாங்க் இன்ஜினே தொங்கும். ஃபேக்டரியில் ஷாப்பு என்றால் ஒரு பிரிவு, பக்கத்து ஷாப்பிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம். அந்தக் கை மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கர்வப்படட்டும், எனக்கும் பெருமைதான்.

எண்பத்தெட்டில் எங்களுக்கு எல்.டி.சி. வந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கார் செலவில் குடும்பத்தோடு எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்வரலாம். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு பாஸ்கரன். மதுரைப் பக்கத்து ஆள். எதையும் எடுத்துக் கட்டி நடத்தாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவரே பட்டியல் போட்டு, அவரே டிக்கெட் எடுத்து, பிரயாகை, காசி என்று முடிவு செய்துவிட்டார். அவரும் அவர் சம்சாரம் கஸ்தூரியும், நாங்கள் இரண்டு பேரும், கூடவே ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ஜேம்ஸ். ஜேம்ஸ் பெண்டாட்டி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "நான் கங்கையைப் பாக்க வரேன், கேமராவுக்கு மதம் கிடையாது" என்று சொல்லிக் கிளம்பிவிட்டான். எங்கள் பெண் நாகவல்லி காலேஜ் பரீட்சை என்று சித்தி வீட்டில் தங்கிக்கொண்டாள்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் கஸ்தூரி வந்தாள். நான் தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்திக்கொண்டிருந்தேன். என் முடி அப்போது இடுப்புக்குக் கீழே நிற்கும்.

"இந்த முடிக்கு அங்க பெரிய மரியாதை கெடைக்கப் போகுது பார்வதம்" என்றாள். "பிரயாகையில வேணி தானம்னு ஒண்ணு இருக்காம். புருஷன் பொண்டாட்டிய மடியில உக்கார வச்சு, தலைவாரி, ஜடை பின்னி, பூ வச்சு, நுனிய வெட்டி ஆத்துல விடணுமாம். எங்க சித்தப்பா செஞ்சாராம்."

"யாரு பின்னணும்?"

"புருஷன்தான். எல்லாரும் பாக்க."

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு நகை ஆசை கிடையாது, பட்டு ஆசைகூட அவ்வளவாகக் கிடையாது. ஆனால் ஒரே ஒரு தடவை, நாலு பேர் பார்க்க, இந்த மனுஷன் 'இவள் என் பெண்டாட்டி' என்கிற மாதிரி என்னைத் தொட வேண்டும் என்று ஆசை இருந்தது. இருந்தது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காசி விசுவநாதர் எல்லாம் அப்புறம்தான். நான் காசிக்குக் கிளம்பியதே அந்த ஜடைக்காகத்தான், சாமி மன்னிக்கட்டும்.

சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன்.

"இன்னாது? நானு உனுக்கு ஜடை போடணுமா?"

"ஆமா. மடியில குந்த வச்சுப் போடணுமாம். அய்யரு மந்திரம் சொல்லுவாராம்."

"பாஸ்கரன் முன்னாடியா?"

"பாஸ்கரன் அவுரு பொண்டாட்டிக்குப் போட்டுக்கினு இருப்பாரு. உன்ன எவன் பாக்கப் போறான்?"

"அதெல்லாம் என்னால ஆவாது பார்வதம். காசிக்கு வரேன், கோயிலுக்கு வரேன், நீ சொல்ற கடைக்கெல்லாம் மூட்டை தூக்கினு வரேன். இத்த மட்டும் வுட்டுடு."

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில், "இன்னா, உம்முனு கீற?" என்றார். அப்போது சொன்னேன். "நீ ஜடை போடலைன்னா நானு தண்ணில எறங்க மாட்டேன். அத்தினி தூரம் வந்துட்டு, முழுக்குப் போடாம படகுலயே குந்திக்கினு இருப்பேன். பாவம் உனுக்குத்தான்."

"சரி, பாக்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். திருப்பதிக்குப் போகக் கேட்டு பதினாலு வருஷமாக 'பாக்கலாம்'தான்.

இரண்டு நாள் ரயில். புளிசாதம் தீர்ந்து, முறுக்கு தீர்ந்து, வழியில் வாங்கின ஆரஞ்சும் தீர்ந்து, வெளியே பேசுகிற பாஷை மூன்று தடவை மாறி, ஒரு வழியாகப் பிரயாகையில் போய் இறங்கினோம். நவம்பர் மாசம். ஆவடியில் மார்கழிக்குக்கூட வராத குளிர் அங்கே விடியற்காலையில் பல்லைக் கிட்டிக்க வைத்தது. பாஸ்கரன் பட்டியலைப் பார்த்துப் பார்த்து எங்களை ஓட்டினார். கோட்டை பார்த்தோம். படுத்துக்கொண்டிருக்கும் அனுமாரைப் பார்த்தோம். நின்ற அனுமார், பறக்கிற அனுமார் எல்லாம் பார்த்திருக்கிறேன், படுத்த அனுமாரை அங்கேதான் பார்த்தேன். அசதியாக இருந்ததால் எனக்கும் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. கடைத்தெருவில் கொய்யாப்பழம் மலையாகக் குவித்திருந்தார்கள். வெட்டினால் உள்ளே குங்குமச் சிவப்பு. கஸ்தூரியும் நானும் முந்தானை கனக்கக் கனக்க வாங்கினோம்.

இதற்கெல்லாம் நடுவில் என் வீட்டுக்காரர் எங்கே என்றால், வழக்கம் போல முன்னால். காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்று சும்மாவா சொன்னார்கள். அங்கே ஆம்பளைகள் எல்லாரும் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள், இவரும் ஒன்று வாங்கிப் போர்த்திக்கொண்டார். எந்தச் சால்வை என் சால்வை என்று தேடியே எனக்குக் கண் வலித்தது.

மறுநாள் காலையில் படகு. கங்கை கலங்கலாக வருகிறாள், யமுனை பச்சையாக வருகிறாள். இரண்டும் சேரும் இடத்தில் கோடு போட்ட மாதிரித் தெரிகிறது. அந்த இடத்தில் படகுகளை வரிசையாகக் கட்டி, நடுவில் பலகை போட்டு வைத்திருக்கிறார்கள். பலகையில் உட்கார்ந்துதான் சடங்கு, அப்புறம் அங்கேயே இறங்கி முழுக்கு. எங்களுக்கு வந்த வாத்தியார் மூன்று தலைமுறையாக அந்த ஊரிலேயே இருக்கும் தமிழ்க்காரர். தமிழ் பேசினாலும் நடுநடுவே இந்தி எட்டிப் பார்த்தது.

முதலில் பாஸ்கரன். கஸ்தூரியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, சீப்பை வாங்கி, நடுவகிடு எடுத்து, மூன்று கால் பிரித்துச் சரசரவென்று பின்னினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கஸ்தூரி தலையைத் தூக்கவே இல்லை, காதெல்லாம் சிவந்துவிட்டது.

"பாஸ்கரன் சார், இது மொத தடவை மாதிரி தெரியலையே" என்றான் ஜேம்ஸ், போட்டோ எடுத்துக்கொண்டே.

"வாய மூடுடா" என்றார் பாஸ்கரன். ஆனால் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தினமும் ஜடை பின்னப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது, இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை. பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை.

"அடுத்தது யாரு? கஜபதி யாரு?" என்றார் வாத்தியார்.

திரும்பிப் பார்த்தேன். ஆள் படகின் வால் பக்கம் போய், படகைக் கட்டியிருந்த கயிற்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு ஓர் இடத்தில் நைந்திருந்தது. படகுக்காரருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி தெரியாது. ஆனாலும் கயிற்றைப் பற்றி இரண்டு பேரும் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ்டர் கஜபதி, வாங்கோ. நாழியாறது."

"நீங்க மத்ததப் பாருங்க சாமி" என்றார் இவர், அங்கிருந்தே.

வாத்தியார் என்னைப் பார்த்தார். இதைப் போல எத்தனை புருஷன்மாரைப் பார்த்திருப்பார், பாவம். "இஷ்டமில்லைன்னா கட்டாயம் இல்லைம்மா. மனசுல நெனச்சுண்டு நீங்களே முழுக்குப் போட்டுடுங்கோ. பகவான் ஏத்துப்பார்."

பகவான் ஏற்றுக்கொள்வார், நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். "எனுக்கு முழுக்கு வேணாம் சாமி" என்று சொல்லிவிட்டுப் பலகையை விட்டு எழுந்தேன். கஸ்தூரி கையைப் பிடித்தாள், உதறிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அவர்கள் பார்க்கக் கூடாது என்று படகின் வால் பக்கம் போனேன். அங்கேதான் அவர் இருந்தார், வேறு எங்கேயும் போக இடமும் இல்லை.

"யோவ்" என்றேன். "நானு அவ்ளோ அசிங்கமாவா கீறேன்? என்கூட நடக்கத்தான் வெக்கம்னு பாத்தா, தொடவுமா வெக்கம்?"

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். முகம் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

"அது இல்ல பார்வதம்."

"பின்ன இன்னா?"

கிட்டே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எனுக்கு ஜடை போடத் தெரியாதுடி" என்றார். "பாஸ்கரன் எப்டிப் போட்டான், பாத்த இல்ல. நாலு பேரு பாக்க நானு கண்ட மாதிரி பண்ணி, அவுந்து போயி, இந்தக் கையாலயா இப்டின்னு சிரிப்பானுங்க. ஊருக்குப் போயி ஷாப்பு முச்சூடும் சொல்லுவானுங்க."

நான் அவர் கையைப் பார்த்தேன். கம்பி குத்திக் குத்திக் காய்த்துப்போன கை. என்னைத் தொட வெட்கப்படுகிறார் என்றுதான் பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வேலையைக் கோணல் மாணலாகச் செய்து நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்று அந்தக் கைக்குத்தான் வெட்கம். இது எனக்குத் தோன்றவே இல்லை. கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"பாஸ்கரன் மாதிரி போடுன்னு எவ கேட்டா? உனுக்குத் தெரிஞ்ச மாதிரி போடு."

"எனுக்குத் தெரிஞ்சதா?"

"ஆமாம்யா."

சடங்குக்காக அவிழ்த்துவிட்டிருந்த என் முடியை அவர் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. ஒரு கையால் தூக்கி, கனம் பார்த்தார். நுனியை விரலில் சுற்றி உருட்டிப் பார்த்தார். "நல்ல சரக்குதான்" என்று சொல்லிக்கொண்டார்.

பலகையில் போய் உட்கார்ந்தார். நானும் அவர் மடியில் உட்கார்ந்தேன். அவர் முழங்கால் என் விலாவில் இடித்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, நாற்பது வயசில். வாத்தியார் மந்திரத்தை ஆரம்பித்தார். இவர் முடியைப் பிரிக்க ஆரம்பித்தார். மூன்று வந்தது, நான்கு வந்தது, ஆறில் போய் நின்றது.

"ஆறா?" என்றார் பாஸ்கரன்.

"ஆறுதான். கஸ்தூரிம்மா, இந்த ரெண்டு புரியைக் கெட்டியாப் புடி. வுட்டுடாத." என் முந்தானையில் செருகியிருந்த கொண்டை ஊசியை உருவி எடுத்துக்கொண்டார். அதுதான் குத்தூசி.

அதற்கப்புறம் அவர் அந்தப் படகிலேயே இல்லை. ஃபேக்டரிக்குப் போய்விட்டார். ஒரு புரியை எடுத்து இரண்டு புரிக்கு மேலே விட்டு, ஒன்றுக்கு அடியில் நுழைத்து, ஊசியால் நெம்பி வாங்கி இழுப்பார். இழுத்ததை விரலால் தட்டி உட்கார வைப்பார். அப்புறம் அடுத்தது. வாத்தியார் மந்திரத்தை ஒரு தடவை முடித்தார். பார்த்தார். மறுபடியும் ஆரம்பித்தார். இரண்டாவது தடவையும் முடிந்தது. "சாமி, இன்னும் ஒண்ணு சொல்லுங்க, பாதிதான் ஆயிருக்கு" என்றார் இவர். வாத்தியார் மூன்றாவது தடவை சொன்னார். என் ஒருத்திக்கு மட்டும் மூன்று பங்கு புண்ணியம்.

பக்கத்துப் படகில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். படகுக்காரர்கள் நாலைந்து பேர் படகுக்குப் படகு தாண்டி வந்துவிட்டார்கள். கயிற்றோடு பிழைக்கிறவர்கள் இல்லையா, அவர்களுக்கு அது புரிந்தது. ஒருவர் குனிந்து, தொடாமல், விரலைக் காற்றில் ஓட்டி எந்தப் புரி எங்கே போகிறது என்று பார்த்தார். ஜேம்ஸ் ஃபிலிம் தீர்ந்து வேறு ரோல் போட்டான். தலைத்தோல் எனக்கு இழுத்துக்கொண்டு வலித்தது. புருவம் இரண்டும் மேலே ஏறி, கண்ணை மூட முடியவில்லை. போட்டோவில் எல்லாம் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவர் என் தலையைக் கழற்றிக் கையில் எடுத்திருந்தாலும் சும்மா இருந்திருப்பேன். அவ்வளவு சந்தோஷம்.

கடைசிப் புரியை உள்ளே விட்டு முடித்தார். முடித்துவிட்டு, பழக்க தோஷம், ஜடையின் நுனியைக் கையில் சுற்றி, வெடுக்கென்று ஒரே இழுப்பு. என் தலை பின்னால் போய் அவர் நெஞ்சில் மோதியது.

"அடப்பாவி மனுசா."

"டெஸ்ட்டு பார்த்தேன்" என்றார். "தாங்கும்."

படகு படகாகச் சிரித்தார்கள். பாஷை தெரியாதவர்களும் சிரித்தார்கள். அவருக்கு அப்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்தது. சுற்றிப் பார்த்தார். பாஸ்கரன், "அண்ணே, இதுல இன்ஜினே தூக்கலாம்ணே" என்றார். அது கேலிதான். ஆனால் ஜடையைத் தொட்டுப் பார்த்த கையில் கேலி இல்லை. இவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். வாத்தியார் கொடுத்த சாமந்திப்பூவைச் செருக இடம் தேடினால் ஊசி நுழைய இடம் இல்லை. நூலால் சுற்றிக் கட்டினார். நுனியை வெட்ட வாத்தியாரின் கத்தரிக்கோல் மூன்று தடவை வழுக்கியது. வெட்டின முடியைத் தண்ணீரில் விட்டோம். அங்கே முடி மிதக்காது, மூழ்கும் என்பார்கள். என்னுடையது மூழ்கியது. அவ்வளவு இறுக்கிப் பின்னினதுக்கு அது மூழ்காமல் என்ன செய்யும். இரண்டு பேருமாகக் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டோம். யார் யார் கையைப் பிடித்தது என்று கேட்டால், அவர்தான்.

காசிக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. கோயிலுக்குப் போகுமுன் தலையைப் பிரித்துக் குளிக்கலாம் என்று பார்த்தால் ஜடை பிரியவில்லை. கஸ்தூரி ஒரு மணி நேரம் போராடி நகத்தை உடைத்துக்கொண்டாள்.

"அத்தப் பிரிக்கிறதுக்கு ஒண்ணும் கட்டல" என்றார் இவர். "வெட்டித்தான் எடுக்கணும். இல்லாட்டி நானே குந்தி ஒவ்வொண்ணாப் பின்னாடி வாங்கணும். அதுக்கு எண்ணெ வோணும், நல்ல வெளிச்சம் வோணும். ஊட்டுக்குப் போயி பாத்துக்கலாம்."

அப்படியே கிளம்பினேன். விசுவநாதர், அன்னபூரணி, விசாலாட்சி, காலபைரவர் என்று எல்லா சந்நிதியிலும் அந்த ஜடையோடுதான் நின்றேன். காசிச் சந்து ஒவ்வொன்றும் ஒரு ஆள் அகலம். எதிரே மாடு வந்தால் நாம்தான் கதவுக்குள் ஒதுங்க வேண்டும். அந்தச் சந்துகளில்தான் எத்தனை கடை. பித்தளைச் சாமான் கடையில் கங்கைச் செம்பு வாங்கினோம், நாகவல்லிக்குக் கண்ணாடி வளையல் வாங்கினேன், கஸ்தூரி மரச் செப்பு ஒன்று போதாதென்று மூன்று வாங்கினாள். புடவைக் கடையில் கட்டில் மாதிரி வெள்ளை மெத்தை விரித்து, அதில் பட்டாகப் பிரித்துப் போட்டார்கள். சரிகை கண்ணைப் பறிக்கிறது. கடைக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி உள்ளேயிருந்து வந்து, புடவையை விட்டுவிட்டு என் ஜடையைப் பிடித்துக்கொண்டாள். இந்தியில் என்னவோ கேட்டாள். யார் போட்டது என்றுதான் கேட்டிருப்பாள். நான் விரலை நீட்டிக் காட்டினேன். அவள் அவரைப் பார்த்தாள், ஜடையைப் பார்த்தாள், மறுபடியும் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் சடக்கென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் நாள் படித்துறைக்குப் போகிற வழியில், வழக்கம் போல முன்னால் அந்த முதுகைத் தேடினேன். காணோம். பதறிப்போய்த் திரும்பினால் மூன்றடி பின்னால் வந்துகொண்டிருக்கிறார், கையில் செம்பு மூட்டையோடு, என் முதுகையே பார்த்துக்கொண்டு.

"இன்னாய்யா, பின்னாடி வர?"

"நீ நட. நாலாவது சுத்து எளகிச்சான்னு பாக்குறேன்."

"எளகிச்சா?"

"இல்ல" என்றார். ஆனாலும் பின்னாலேயே வந்தார். அதற்கப்புறம் காசியில் இருந்தவரை வழி கேட்டு முன்னால் போனது நான்தான். இரண்டு தடவை தப்பான சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனேன், ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தார்.

ஆவடிக்கு வந்து சேர்ந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கங்கைத் தண்ணீரை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தேன். போன இடத்தில் எல்லாம் ஜடையைத்தான் பார்த்தார்கள். தலை ஊறல் எடுத்து எனக்கு உயிர் போகிறது. "இன்னிக்கிப் பிரிச்சுடு" என்றேன்.

பின்கட்டில் வெளிச்சம் போதாது என்று ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் வீட்டு வாசலில் போட்டார். ரோட்டைப் பார்த்த வாசல். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். அவருக்குக் காதில் விழவில்லை. என்னை முன்னால் உட்கார வைத்து, தேங்காயெண்ணெயைப் புரியில் தடவி, ஊசியால் நெம்பி ஒவ்வொன்றாகப் பின்வாங்கினார். பத்து மணிக்கு ஆரம்பித்தது. ஒரு இழை அறுபடவில்லை. முடிகிறபோது மணி ஒன்று ஆகிவிட்டது. முடி தோளில் இறங்கியதும் எனக்கு அழுகையே வந்தது. இனி எப்போது என்று இருந்தது. முடியை அள்ளிக் கொண்டை போடக் கையைத் தூக்கினேன்.

"இரு" என்றார்.

உள்ளே போய்ச் சீப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அந்த மூணு கால் ஜடை எப்டிப் போடுறது? சொல்லு."

சொன்னேன். வலது காலை நடுக்காலுக்கு மேலே போடு, அப்புறம் இடது காலை நடுக்காலுக்கு மேலே போடு, அவ்வளவுதான் என்றேன். அவ்வளவுதான் இல்லை என்று ஆயிற்று. அந்தக் கைக்கு மூன்று போதவில்லை. ஒரு கால் குண்டாக, ஒரு கால் ஒல்லியாக, பின்னல் இடது காதுப் பக்கமாக நழுவிக்கொண்டே போனது. மேலே விட்டதை அடியில் நுழைக்கப் பார்ப்பார், அப்புறம் ஞாபகம் வந்து வெளியே இழுப்பார். அவிழ்த்தார். மறுபடி போட்டார். முன்னைவிட மோசம்.

பாஸ்கரன் கையில் மீன் பையோடு வந்தவர் அப்படியே நின்றார். பின்னாலேயே ஜேம்ஸ், காசி ஃபிலிம் ரோல்களைக் கழுவக் கொடுக்கக் கிளம்பி வந்தான். எதிர் வீட்டில் இரண்டு பேர் ஜன்னலில். இனி சீப்பைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன்.

"அண்ணே, இது நீங்க போட்டதா?" என்றார் பாஸ்கரன். "காசியில போட்ட கை எங்கண்ணே போச்சு? ஜடை கோணிக்கிட்டுப் போகுதே."

இவர் தலையைத் தூக்கவில்லை. அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. என் முடி அவர் விரல்களுக்குள்ளேயே இருந்தது.

"கோணிக்கினுதான் போவுது" என்றார். "இப்பத்தான் கத்துக்கினு கீறேன்."

பாஸ்கரன் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். "நடுக்காலை இறுக்கிப் புடிங்கண்ணே" என்று ஒரு யோசனை சொல்லிவிட்டு மீனைக் கொடுக்கத் தன் வீட்டுக்குள் போனார்.

அன்று சாயங்காலம் அந்த ஜடையோடுதான் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். கஸ்தூரி பார்த்துவிட்டு, இந்தக் கோலத்திலா என்று சீப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கிட்ட வந்தால் கையை உடைத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினேன்.